கொல்லாத செல் குறைந்தால் கொல்லும் செல் ஏன் தடுமாறுகிறது?

செவிலியர் படிப்பில் இருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "வைரஸ் புகுந்த செல்லைக் கொல்வது சிடி8 டி செல். சிடி4 எதையும் கொல்வதில்லை, 'உதவி' மட்டும்தான் செய்கிறது என்று படித்தேன். அப்படியானால் எச்.ஐ.வி.யில் சிடி4 குறைந்தவுடன் உடம்பு ஏன் மொத்தமாகச் சரிகிறது? அந்த உதவி யாருக்கு, எப்படிப் போய்ச் சேருகிறது?"

டி செல் என்பது நோயை எதிர்க்கும் ஒரு வெள்ளை ரத்த அணு; சிடி4-உம் சிடி8-உம் அதன் இரண்டு வகை. பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு படம் இருக்கும். நடுவில் சிடி4 செல், அதிலிருந்து சிடி8-க்கு ஓர் அம்பு, கிருமியில் ஒட்டும் ஆன்டிபாடி என்ற புரதத்தைத் தயாரிக்கும் பி செல்லுக்கு இன்னோர் அம்பு. நானும் அந்தப் படத்தைக் கரும்பலகையில் வரைந்துதான் பல வருடம் பாடம் எடுத்தேன். குழப்பமே அந்த அம்பில்தான் இருக்கிறது. சிடி4 பெரும்பாலும் சிடி8-இடம் நேராகப் போய்ப் பேசுவதில்லை. இரண்டும் ஒரு மூன்றாவது செல்லிடம் வருகின்றன. முதலில் வந்தது அங்கே செய்துவிட்டுப் போன மாற்றம், அடுத்து வருவதற்குப் பயன்படுகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் இந்தச் சந்திப்பு நடக்கும் இடத்தைப் பார்த்துவிடலாம். காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் இரண்டொரு நாளில் தொடை இடுக்கில் நெறி கட்டும். புண் பாதத்தில் இருக்க, வீக்கம் ஏன் இடுக்கில்? அங்கேதான் நிணநீர்க்கணு இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட கிருமியின் ஒரு குறிப்பிட்ட துணுக்கை அடையாளம் காணக்கூடிய டி செல், அதுவரை அந்தக் கிருமியைப் பார்க்காத உடம்பில், ஏறக்குறைய லட்சத்தில் ஒன்று அல்லது பத்து லட்சத்தில் ஒன்றுதான் இருக்கும். அது உடம்பு முழுக்கச் சுற்றிப் புண்ணைத் தேடினால் ஆயுசுக்கும் கிடைக்காது. அதனால் ஏற்பாடு தலைகீழாக இருக்கிறது. புண் இருக்கும் இடத்திலிருந்து டென்ட்ரைட்டிக் செல் என்ற கிளை விரித்த செல், கிருமியின் துணுக்குகளைச் சுமந்துகொண்டு பக்கத்து நிணநீர்க்கணுவுக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. டி செல்கள் கணுவுக்குக் கணு சுற்றி வந்து, ஒவ்வொரு டென்ட்ரைட்டிக் செல்லையும் சில நிமிடம் தடவிப் பார்த்துவிட்டு நகர்கின்றன. பொருந்திய செல் மட்டும் நின்றுவிடுகிறது. மற்ற செல்கள் வெளியேறுவதும் அந்தச் சமயத்தில் சில நாள் தடைப்படுகிறது. உள்ளே வரவு அதிகம், வெளியே போக்கு இல்லை, நின்ற செல்கள் வேறு பெருகத் தொடங்குகின்றன. நெறி கட்டுவது இதனால்தான். டென்ட்ரைட்டிக் செல்லை 1973-இல் விவரித்த ரால்ஃப் ஸ்டைன்மனுக்கு 2011-இல் நோபல் பரிசு அறிவித்தபோது அவர் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. குழுவுக்கு அது தெரிந்திருக்கவில்லை. பரிசு அப்படியே நின்றது.

இப்போது ஒரு விதியைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் வறட்சியான விதிதான், ஆனால் உங்கள் கேள்வியின் சாவி அதில் இருக்கிறது. டி செல்லுக்குக் கிருமி அப்படியே கண்ணில் படாது. வேறொரு செல் அதன் புரதத்தை நறுக்கி, எம்.எச்.சி. என்ற தட்டில் வைத்துக் காட்ட வேண்டும். 1974-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ரோல்ஃப் ஜிங்கர்நாகலும் பீட்டர் டோஹர்ட்டியும் எலிகளில் கண்டுபிடித்தது இதைத்தான். கொல்லும் டி செல், வைரஸ் இருந்தால் மட்டும் போதாது, அது தன் சொந்த எம்.எச்.சி. தட்டில் இருந்தால்தான் தாக்குகிறது. அந்தத் தட்டில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, உட்கரு உள்ள ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருக்கிறது. சிடி8 அதைப் படிக்கும். இரண்டாம் வகை, சாதாரணமாக டென்ட்ரைட்டிக் செல், பி செல், கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் போன்ற சிலவற்றில் மட்டும் இருக்கிறது. சிடி4 அதைப் படிக்கும்.

அப்படியானால் சிடி8 எந்தச் செல்லின் கதவையும் தட்டலாம். நுரையீரலோ கல்லீரலோ, உள்ளே வைரஸ் இருந்தால் பிடித்துக் கொல்லலாம். சிடி4-க்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அதனால் பேச முடிகிற ஆட்கள் முக்கியமாக மூன்று பேர். அந்த மூன்று பேரில் யாரோடு பேசுகிறது என்பதைப் பொறுத்து 'உதவி' என்ற சொல்லுக்கே மூன்று பொருள் வந்துவிடுகிறது.

டென்ட்ரைட்டிக் செல்லில் இருந்து தொடங்குவோம். நீங்கள் கேட்ட சிடி8 சங்கதி அங்கேதான். ரொம்ப நாளாக ஒரு கருத்து இருந்தது: சிடி4-உம் சிடி8-உம் ஒரே நேரத்தில் ஒரே டென்ட்ரைட்டிக் செல்லில் வந்து ஒட்டினால்தான் உதவி கைமாறும் என்று. லட்சத்தில் ஒன்றாக இருக்கும் ஒரு செல்லும், அதே அளவு அரிதான இன்னொரு செல்லும், அதே நாள், அதே நேரம், அதே இடத்தில். மாட்டுச்சந்தையில் தொலைந்த இரண்டு பேர் சொல்லி வைக்காமல் ஒரே டீக்கடையில் சந்திப்பது மாதிரி. நடக்கலாம்தான், ஆனால் அதை நம்பி ஓர் உடம்பு பிழைக்க முடியாது.

1998-இல் மூன்று குழுக்கள் 'நேச்சர்' இதழின் ஒரே வெளியீட்டில் விடை சொன்னார்கள். சிடி4 வந்து டென்ட்ரைட்டிக் செல்லைத் தொட்டு, தன் மேற்பரப்பில் உள்ள சிடி40 லிகண்ட் என்ற புரதத்தால் அதன் சிடி40-ஐ அழுத்துகிறது. அவ்வளவுதான். சிடி4 கிளம்பிவிடலாம். அழுத்தப்பட்ட டென்ட்ரைட்டிக் செல் மாறிவிடுகிறது: தட்டுகளைக் கூடுதலாக வைக்கிறது, 'இது நிஜமான ஆபத்துதான்' என்று சொல்லும் சிடி80, சிடி86 என்ற இரண்டாம் சமிக்ஞையை உயர்த்துகிறது, செல்லுக்குச் செல் சேதி சொல்லும் ஐஎல்-12 போன்ற சைட்டோகைன்களைச் சுரக்கிறது. பிறகு எப்போதாவது அந்தப் பக்கம் வரும் சிடி8, தயாராக இருக்கும் அந்தச் செல்லைத் தொட்டுப் பயிற்சி பெற்றுவிடுகிறது. இருவரும் சந்திக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆங்கிலத்தில் இதற்கு 'லைசென்ஸ் கொடுப்பது' என்று பெயர். சிடி4 லைசென்ஸ் கொடுத்துவிட்டுப் போகிறது, சிடி8 அந்த லைசென்ஸ் உள்ள கடையில் வாங்குகிறது. சிடி4 இல்லாத ஒரு செயற்கைச் சூழலில், சிடி40-ஐ ஓர் ஆன்டிபாடியால் அழுத்தியே அதே விளைவைக் கொண்டுவர முடிந்தது. வாதம் அதோடு முடிந்தது.

கேள்வி முடியவில்லை. சில கிருமிகள் சிடி4 உதவி இல்லாமலேயே டென்ட்ரைட்டிக் செல்லை உசுப்பிவிடும். அந்த மாதிரித் தொற்றில் சிடி4 நீக்கப்பட்ட எலியின் சிடி8-உம் முதல் தடவை நன்றாகவே சண்டை போடுகிறது. ஒரு செல் ஒரு வாரத்தில் பல்லாயிரமாகப் பெருகி, பெர்ஃபோரின் என்ற புரதம் கொண்டு துளையிட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே செலுத்தி, நோய் பிடித்த செல்லைத் தற்கொலை செய்ய வைக்கிறது. பார்த்தால் குறை தெரியாது. 2003-இல் வெளியான ஆய்வுகள் குறையைக் காட்டின: அதே கிருமி மறுபடி வரும்போது, உதவி பெறாமல் வளர்ந்த சிடி8-இன் நினைவுச் செல்கள் தேறுவதில்லை, பெருகுவதில்லை. அதாவது சிடி4 கொடுப்பது அன்றைய சண்டைக்கான பலம் மட்டும் இல்லை, அடுத்த சண்டைக்கான சேமிப்பும்தான்.

அடுத்த ஆள் பி செல். இதை விளக்க எனக்குப் பிடித்த உதாரணம் குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசி. பென்டாவேலன்ட் என்று தடுப்பூசி அட்டையில் எழுதியிருக்கும். இந்தியாவில் அரசுத் திட்டத்தில் அது முதலில் வந்தது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான், 2011 டிசம்பரில். அதில் ஒரு பகுதி ஹிப் என்ற பாக்டீரியாவுக்கு எதிரானது. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தருகிற கிருமி. அதன் மேலுறை வெறும் சர்க்கரைச் சங்கிலி. அந்தச் சர்க்கரையை மட்டும் ஊசியாகப் போட்டபோது பெரியவர்களுக்கு வேலை செய்தது; எந்த வயதுக் குழந்தைக்கு அவசியமோ, அந்த இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பலிக்கவில்லை. காரணம் எம்.எச்.சி. தட்டில் புரதத் துணுக்கைத்தான் வைக்க முடியும், இந்தச் சர்க்கரையை வைக்க முடியாது. தட்டில் ஒன்றும் இல்லையென்றால் சிடி4-க்குப் படிக்க ஒன்றும் இல்லை. சிடி4 உதவி இல்லாமல் கைக்குழந்தையின் பி செல் அசையவில்லை.

தீர்வு ஒரு நல்ல தந்திரம். சர்க்கரையை, டெட்டனஸ் டாக்சாய்டு மாதிரி ஒரு புரதத்தோடு வேதியியல் முறையில் ஒட்டிவிட்டார்கள். சர்க்கரையை அடையாளம் காணும் பி செல் அதைப் பிடித்து விழுங்குகிறது. ஒட்டியிருந்த புரதமும் கூடவே உள்ளே போகிறது. பி செல் புரதத்தை நறுக்கித் தட்டில் வைக்கிறது. டெட்டனஸ் புரதத்தை அறிந்த சிடி4 வந்து படித்து, 'சரி, நீ பிடித்தது சரியான ஆள்தான்' என்று ஒப்புதல் தருகிறது. சிடி4 பார்த்தது புரதம், பி செல் தயாரிப்பது சர்க்கரைக்கு எதிரான ஆன்டிபாடி. இருவருக்கும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று தெரியாது. இரண்டும் ஒட்டியிருப்பதே போதும். அந்த ஒப்புதல் எப்படித் தரப்படுகிறது? அதே சிடி40 லிகண்ட். கூடவே ஐஎல்-21 என்ற சைட்டோகைன். இந்த வேலையைச் செய்யும் சிடி4 வகைக்கு ஃபாலிகுலார் உதவி செல் என்று பெயர். பி செல்கள் கூடியிருக்கும் பகுதிக்குள்ளேயே குடியேறி, எந்த பி செல்லின் ஆன்டிபாடி நன்றாக ஒட்டுகிறதோ அதற்கு மட்டும் வாழ்வு கொடுத்து, மற்றதைச் சாகவிடுகிறது. கறாரான வாத்தியார்.

மூன்றாவது ஆள் மேக்ரோபேஜ். இதை நாம் தோல் மேலேயே பார்க்கலாம். காசநோய்த் தொற்றைச் சோதிக்கும் மாண்டூ ஊசி போட்டவர்களுக்குத் தெரியும்: முன்கையில் தோலுக்குள் துளியூண்டு டியூபர்குலின் என்ற காசநோய்க் கிருமிப் புரதம், ஒரு சின்னக் கொப்புளம் எழும்பி மறையும், 48 முதல் 72 மணி நேரம் கழித்து வரச் சொல்வார்கள். சிவப்பை அளக்கக் கூடாது, தடிப்பைத்தான் அளக்க வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சாதாரண பால்பாயின்ட் பேனாவை எடுத்து, வெளியிலிருந்து தடிப்பை நோக்கி மெதுவாகக் கோடு இழுப்பார். தடிப்பின் ஓரம் வந்ததும் பேனா முனை தட்டி நிற்கும். எதிர்ப்பக்கமும் அப்படியே. இரண்டு கோட்டு முனைகளுக்கும் நடுவில் மில்லிமீட்டர் ஸ்கேல். அந்தத் தடிப்பில் கையை வைத்தால், நீங்கள் தொடுவது சிடி4 செல்கள் கூப்பிட்டு வந்த கூட்டத்தை. ஆன்டிபாடி செய்த வேலை என்றால் சில நிமிடத்தில், சில மணி நேரத்தில் தெரிந்திருக்கும். நினைவு டி செல் வந்து, படித்து, சைட்டோகைன் சுரந்து, மேக்ரோபேஜ்களை வரவழைக்க இரண்டு நாள் ஆகிறது.

காசநோய்க் கிருமி மேக்ரோபேஜுக்குள்ளேயே குடியிருப்பது. தன்னை விழுங்கிய பை, செரிக்கும் பையோடு சேராமல் தடுத்துவிட்டு உள்ளே சுகமாக இருக்கும். மேக்ரோபேஜுக்குத் தன் வயிற்றில் இருப்பதைக் கொல்ல வலு இல்லை. சிடி4 வந்து, தட்டில் இருக்கும் துணுக்கைப் படித்து, இன்டர்ஃபெரான்-காமா என்ற சைட்டோகைனைச் சுரந்து, கூடவே சிடி40-ஐயும் அழுத்தினால்தான் அந்த வலு வருகிறது. அதற்காக, மாண்டூ பெரிதாகத் தடித்தால் காசநோயிலிருந்து முழுப் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய, மாண்டூவைத் தடிக்க வைக்கும் பிசிஜி தடுப்பூசியின் மிகப் பெரிய ஆய்வில், 15 ஆண்டு பின்தொடர்ந்து பார்த்தும், பெரியவர்களின் நுரையீரல் காசநோயைப் பிசிஜி தடுத்ததாகத் தெரியவில்லை. குழந்தைகளின் காசநோய் மூளைக்காய்ச்சலைத் தடுக்கிறது என்பதால் ஊசி தொடர்கிறது.

சிடி4 எந்த வகை உதவியைத் தருகிறது என்பதும் உயிர் போகிற விஷயம். 1986-இல் மோஸ்மனும் காஃப்மனும் எலியின் சிடி4 செல்களை, சுரக்கும் சைட்டோகைனை வைத்து இரண்டாகப் பிரித்தார்கள்: மேக்ரோபேஜை முடுக்கும் டிஎச்1, பி செல் பக்கமும் ஒவ்வாமைப் பக்கமும் சாயும் டிஎச்2. நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களை அழைக்கும் டிஎச்17 பின்னால் வந்தது. மனித உடம்பில் இவை இவ்வளவு சுத்தமாகப் பிரிவதில்லை. ஆனாலும் தொழுநோயைப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் அறைகிறது. ஒரே கிருமிதான். ஒருவருக்கு உணர்ச்சியற்ற ஒன்றிரண்டு தேமல், உள்ளே கிருமியைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவருடைய உதவி டிஎச்1 பக்கம். இன்னொருவருக்கு முகமும் காதும் தடித்து, தோல் முழுக்கக் கிருமி; அவருடைய ரத்தத்தில் ஆன்டிபாடி ஏராளம். ஆன்டிபாடி செல்லுக்குள் நுழையாது, கிருமியோ செல்லுக்குள் இருக்கிறது. உதவி இருந்தது, தப்பான ஆளிடம் போய்ச் சேர்ந்தது. முதல் வகைக்காரர் மட்டும் தப்பித்துவிடுகிறார் என்றும் இல்லை. வலுவான டி செல் சண்டையில் அவருடைய நரம்பு அடிபடுகிறது.

மூன்று பேரிடமும் சிடி40 லிகண்ட் என்ற ஒரே கைதான் நீள்கிறது என்றேன். அதற்கு இயற்கையே ஒரு சாட்சி வைத்திருக்கிறது. அந்தப் புரதத்தின் ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அது பழுதாகப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குச் சிடி4 எண்ணிக்கை சாதாரணம், சிடி8 சாதாரணம், பி செல்லும் இருக்கிறது. பரிசோதனைத் தாளில் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நல்ல பிள்ளை. ஆனால் ஐஜிஎம் என்ற முதல் கட்ட ஆன்டிபாடி தங்குகிறது, அடுத்த கட்டத்து ஐஜிஜி வருவதே இல்லை. பாக்டீரியாத் தொற்று திரும்பத் திரும்ப வரும். ஐஜிஜி-யை வெளியிலிருந்து ஏற்றினால் அது குறையும். அதோடு விஷயம் முடியவில்லை: நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் நிமோனியா வருகிறது, அது மேக்ரோபேஜுக்கு உதவி கிடைக்காததன் அடையாளம். எல்லா ஆட்களும் இருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் தொட முடியவில்லை.

நியூமோசிஸ்டிஸ் என்றதும் உங்களுக்கு எச்.ஐ.வி. நினைவுக்கு வந்திருக்கும். 1981 ஜூனில் அமெரிக்காவில் எய்ட்ஸ் பற்றி வந்த முதல் அறிக்கையே, லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு அந்த நிமோனியா வந்ததைப் பற்றித்தான். ஐந்து வருடம் கழித்து, 1986-இல், சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது. வைரஸ் சிடி4 மூலக்கூறையே கதவாக்கிக்கொண்டு உள்ளே போகிறது. ஒரு மைக்ரோலிட்டரில் 500-க்கு மேல் இருக்க வேண்டிய சிடி4, 200-க்குக் கீழே போனால் நியூமோசிஸ்டிஸ் பயம். வாயில் வெள்ளை படிவது டிஎச்17 குறைந்ததன் தொடர்ச்சி. காசநோய் தலைதூக்குவது மேக்ரோபேஜ் தனியாக விடப்பட்டதால். கிருமி உடம்பில் நிறைந்திருக்கும்போதே மாண்டூ தடிக்காமல் போவதும் உண்டு. சிடி8-இன் எண்ணிக்கை தொடக்கத்தில் அதிகரிக்கவே செய்கிறது. ஆனால் ஊட்டமும் சேமிப்பும் இல்லாமல் ஓய்ந்து போகிறது. ஆக, நீங்கள் 'மொத்தமாகச் சரிகிறது' என்று சொன்னது தனித்தனியான மூன்று சரிவு, ஒரே காரணம்.

எச்.ஐ.வி. மருந்து தொடங்கிய சில வாரத்தில் சிலருக்கு நிலைமை மோசமாவதையும் வார்டில் பார்ப்பீர்கள். காய்ச்சல், கழுத்தில் கட்டி பெரிதாவது, நெஞ்சுப் படம் முன்னைவிட மோசம். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நோயாளி நிறுத்திவிடப் பார்ப்பார். பல சமயம் நடப்பது வேறு: சிடி4 திரும்பி வந்து, அதுவரை அமைதியாக இருந்த காசநோய்க் கிருமியைக் கண்டு சண்டையைத் தொடங்கியிருக்கிறது. தானாக நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

அப்படியானால் பிரேக் யார் கையில்? 1995-இல் ஷிமோன் சகாகுச்சி, சிடி25 என்ற மேற்பரப்புப் புரதம் நிறைய உள்ள, மற்ற செல்களைக் கட்டுப்படுத்தும் ஒரு சிடி4 கூட்டத்தைக் காட்டினார். அதை எடுத்துவிட்டால் எலியின் உடம்பு தன்னையே தாக்குகிறது. அடக்கும் டி செல் என்ற கருத்து எழுபதுகளில் ஆரவாரமாக வந்து, எண்பதுகளில் நம்பிக்கை இழந்து கிடந்த காலம் அது. மறுபடி அதைக் கையில் எடுக்கத் துணிச்சல் வேண்டும். மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் இந்தச் செல்களுக்கு அவசியமான ஃபாக்ஸ்பி3 ஜீனைக் கண்டார்கள்; மூவருக்கும் 2025-இல் நோபல் கிடைத்தது. அந்த ஜீன் பழுதான ஆண் குழந்தைக்குக் கைப்பிள்ளையாக இருக்கும்போதே சர்க்கரை நோய், நிற்காத வயிற்றுப்போக்கு, தோல் அழற்சி.

பிரேக்கும் மூன்றாவது ஆள் வழியாகத்தான். கட்டுப்படுத்தும் செல், தன் சிடிஎல்ஏ-4 என்ற மூலக்கூறால் டென்ட்ரைட்டிக் செல்லில் இருக்கும் சிடி80, சிடி86-ஐப் பிய்த்தெடுத்து விழுங்கிவிடுகிறது. உதவி செல் ஏற்றிவைத்த விளக்கை இது அணைத்துவிட்டுப் போகிறது. டி செல்லை வளர்க்கும் ஐஎல்-2 என்ற சைட்டோகைன் சுற்றிலும் இருந்தால் அதையும் உறிஞ்சிக்கொள்கிறது. வேடிக்கை என்னவென்றால், தனக்கு வேண்டிய ஐஎல்-2-வை அதனால் தயாரித்துக்கொள்ள முடியாது. உசுப்பப்பட்ட உதவி செல் சுரப்பதைத் தின்றுதான் வாழ்கிறது. சண்டை பெரிதானால் பிரேக்குக்கும் தீனி கூடுகிறது. பிரேக் இல்லாமலிருப்பது பலம் என்றும் நினைக்க வேண்டாம்: பிடி-1 என்ற இன்னொரு பிரேக் இல்லாத எலிக்குக் காசநோய் வந்தால், சாதாரண எலியைவிடச் சீக்கிரம் செத்துப்போகிறது. கிருமியை விரட்டும் ஆவேசமே நுரையீரலைத் தின்றுவிடுகிறது.

கடைசியாக, உங்கள் கேள்வியில் ஒரு சொல்லைத் திருத்த வேண்டும். 'சிடி4 எதையும் கொல்வதில்லை' என்றீர்கள். 2010-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ரத்தப் புற்றுநோய்க்குக் கார்-டி சிகிச்சை (நோயாளியின் டி செல்லை எடுத்து, புற்றுசெல்லைத் தாக்கும்படி மாற்றி, திருப்பி ஏற்றுவது) பெற்ற இரண்டு பேரைப் பத்து வருடம் கழித்துப் பரிசோதித்து, 2022-இல் எழுதினார்கள். நோய் திரும்பவில்லை, ஏற்றிய செல்கள் இன்னும் ரத்தத்தில் இருந்தன. தொடக்கத்தில் சிடி8 போன்றவையும் கணிசமாக இருந்த கூட்டத்தில், பத்தாவது வருடம் மிஞ்சி நின்றது பெரும்பாலும் சிடி4. அவற்றின் உள்ளே கிரான்சைமும் இருந்தது, கொல்லும் திறனும் இருந்தது.